விளம்பரமும் வெட்கமும்

வடநாட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் பிரயாணம் செய்யும் தமிழர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகியிருக்கும். பெரிய ஊர்களின் எல்லையில் வண்டி வேகம் தணிந்து ஊரும்போது, இருப்புப் பாதையை ஒட்டிய சுவர்களில் ஆளுயர எழுத்துகளில் இந்தி விளம்பரங்கள் தென்படும். ‘குப்த ரோகங்களை’த் தீர்ப்பதாகக் கூறும் வைத்தியர்களின் விளம்பரங்கள் அவற்றுள் பல. இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த என் மகள் ஒரு முறை அதை உரக்கப் படித்துவிட்டுப் பொருள் கேட்டாள். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நான், “மறைவான நோய்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். “மறைவானதென்றால் அதை ஏன் அப்பா சுவரில் எழுதியிருக்கிறார்கள்?” என்றாள் அவள்.

அந்தக் கேள்விக்கு விடை காண, நம் நாட்டு விளம்பர வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

1780-ஆம் ஆண்டில் ஹிக்கி என்பவர் கல்கத்தாவில் தொடங்கிய பத்திரிகையே இந்தியாவில் அச்சான முதற் பத்திரிகை. அதன் பெயரிலேயே ‘கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்’ என்னும் சொற்கள் இடம் பெற்றிருந்தன. செய்தியும் விளம்பரமும் இங்கே கூடவே பிறந்தன எனலாம். வழியோடு போகிறவனை நிறுத்தித் தன்பக்கம் திருப்புவது விளம்பரத்தின் இயல்பு. சந்தையில் விற்கிறவன் குரலை உயர்த்துகிறான் என்று யாரும் குறைபடுவதில்லை. அந்தக் குரல் எப்போது பண்பு கெடுகிறது என்பதே ஆராயத்தக்கது.

சுதந்திர இந்தியா இதற்குச் சொன்ன முதல் விடை, 1954-இல் பாராளுமன்றம் இயற்றிய மருந்துகள், மந்திரப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம். 1955 ஏப்ரல் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. இன்ப சக்தியைப் பெருக்குவதாகவும், மாதவிடாய்க் கோளாறுகளைத் தீர்ப்பதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வதை அச்சட்டம் தடுத்தது. தாயத்தும் மந்திரமும் நோய் தீர்க்கும் என்று பறைசாற்றுவதையும் தடுத்தது. அதன் அடியிலிருந்த நியாயம் எளியது. நோயை வைத்தியரிடம் சொல்லக் கூசுகிறவன், தபாலில் பணம் அனுப்பி ரகசியமாக மருந்து வாங்குவான். ஏமாந்தாலும் வெளியே சொல்ல மாட்டான். அவனுடைய கூச்சமே வியாபாரியின் மூலதனம்.

இச்சட்டம் பேச்சுரிமைக்கு விரோதமானது என்று ஹம்தர்த் தவாகானா முதலியோர் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சில பிரிவுகள் செல்லாவெனினும், இவ்வகை விளம்பரத்தைப் பேச்சுரிமை காக்காது என்று நீதிமன்றம் கூறிற்று. 1963-இல் வந்த திருத்தச் சட்டம் குறைகளைச் சீர்செய்தது.

அப்படியானால், கூச்சத்துக்குரிய எதையுமே விளம்பரம் தொடலாகாதா? இதற்கு அரசாங்கமே விடை தந்தது. 1968-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ‘நிரோத்’ ஆணுறை விற்பனைக்கு வந்தது. தேயிலையும் சோப்பும் விற்கும் கம்பெனிகள் அதைக் கடைதோறும் கொண்டு சேர்த்தன. அரசாங்க விளம்பரத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் கடைவீதிக்கு வந்தது. முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆயினும் அந்த விளம்பரம் எவரையும் இழிவுபடுத்தவில்லை. எவர் அச்சத்தையும் காசாக்கவில்லை.

பிற்காலத்தில் இந்த அளவுகோல் சற்றே தவறிப்போயிற்று. 1995-இல் ஒரு காலணி விளம்பரத்தில், பிரபலமான ஆணும் பெண்ணும் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு, காலணியன்றி வேறு உடையின்றி நின்றார்கள். பம்பாயில் ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. 14 ஆண்டுகள் நடந்து, 2009-இல் எல்லோரும் விடுதலையானார்கள். படம் நல்ல ரசனையா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். அதனால் துன்புற்றவர் யார் என்று கேட்டால் எவரையும் சுட்டுவது கடினம்.

அந்த ஆண்டுகளிலேயே நம் வீட்டுத் தொலைக்காட்சியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1975-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சின் விளம்பரம் ஒன்றில், மகனில்லையே என்று ஏங்கும் தந்தையின் சொல் மகளின் காதில் விழும். கறுத்த அப்பெண் பூச்சைப் பூசிச் சிவந்து, விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைக் காப்பாள். அதில் எல்லோரும் முழு உடை அணிந்திருந்தார்கள். போலீஸ் வரவில்லை. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் செய்து போராடியபின், 2003-இல் அது நிறுத்தப்பட்டது. கறுப்பு நிறத்தவரைத் தாழ்ந்தவராகக் காட்டலாகாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் விதி செய்தது 2014-இல்தான். பூச்சின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ 2020-இல் நீங்கியது.

வெளி மாநிலப் பள்ளிகளில் நம் பெண்கள் எத்தனை பேர் நிறத்தின் பெயரால் கேலி கேட்டார்களோ, நாமறியோம். அந்தக் கேலிக்கு இசையும் வர்ணமும் சேர்த்து மாலைதோறும் வீட்டுக் கூடத்தில் ஒளிபரப்பியது வியாபாரம். உடையின்மையைக் கண்டு பதறிய நாம் இதைக் குடும்பத்துடன் அமர்ந்து பார்த்தோம்.

ஆகவே விளம்பரம் எல்லை மீறியதா என்பதைத் துணியின் நீளத்தால் அளப்பது போதாது. யாருடைய வெட்கத்தில் லாபம் காண்கிறது என்று கேட்க வேண்டும். 1954-இல் சட்டம் செய்தவர்கள் அதைக் கேட்டார்கள். அச்சட்டம் இன்றும் இருக்கிறது. சுவர் எழுத்துகளும் இருக்கின்றன. அதே வாக்குறுதிகள் கைப்பேசித் திரையிலும் ஏறிவிட்டன.

என் மகளுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: “நோயாளி மறைக்கிறான், அம்மா. அவன் மறைக்கிறான் என்று தெரிந்தவன் சுவரில் எழுதுகிறான்.”