ஈரக் குப்பையும் எரியுலையும்

தில்லித் தமிழர்களுக்குத் திமார்ப்பூர் தெரிந்த இடம். அங்கே 1987-ஆம் ஆண்டில், டென்மார்க்கு நாட்டு நுட்பத்தைக் கொண்டு, நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் நிலையம் எழுந்தது. சில வாரங்களிலேயே உலை அணைந்தது. குற்றம் இயந்திரத்தினுடையது என்று சொல்லிவிட இயலாது. அந்நாட்டுக் குப்பையில் காகிதம் மிகுதி. நம்முடையதிலோ காய்கறித் தோலும் மண்ணும் ஈரமுமே மிகுதி. காகிதத்தையும் அட்டையையும்தான் பழைய காகிதம் வாங்குவோர் முன்னதாகவே கொண்டுபோய்விடுகிறார்களே!

ஈரக் குப்பைக்கு உரிய வழி வேறு. காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து, எரியக்கூடிய மீத்தேன் வாயுவைத் தருகின்றன. பம்பாயில், தமிழன்பர் பலர் குடியேறிய அதே மாதுங்காவில், தொழுநோயர் இல்லத்துக் கழிவிலிருந்து 1897-லேயே இவ்வாறு வாயு எடுத்தனர். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவை ஏற்கும் மின்நிலையம் 2005-இல் அமைந்தது.

இனித் திருப்பதிக்கு வருவோம். திருமலையில் 1985 முதல் நாள்தோறும் அன்னதானம் நடைபெற்று வருகிறது. எச்சில் இலையையும் எஞ்சிய சோற்றையும் எரியுலையில் இடுவது, தில்லி பட்ட பாட்டை மலைமேல் ஏற்றுவதாகும். மூடிய தொட்டியில் இட்டால் சமையலுக்கு வாயு கிடைக்கும். ஆனால் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் உள்ளே விழாதபடி, இலை எடுக்கும் இடத்திலேயே பிரித்தாக வேண்டும்.