பச்சை முத்திரை குத்திய கடன் பத்திரம்

2007ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த சில ஓய்வூதிய நிதியங்கள் எஸ்.இ.பி. வங்கியிடம் ஒரு கோரிக்கை வைத்தன. தங்கள் பணம் பருவநிலையைக் காக்கும் வேலைகளுக்குப் போக வேண்டும். ஆனால் முதலுக்கு மோசம் வந்துவிடக் கூடாது. எஸ்.இ.பி. அதை உலக வங்கியிடம் கொண்டுபோனது. எந்த வகைத் திட்டங்கள் உண்மையில் பயன் தரும் என்று சொல்ல ஆஸ்லோவின் சிசெரோ ஆய்வு மையத்தை அழைத்தார்கள். 2008 நவம்பரில் உலக வங்கியின் பசுமைக் கடன் பத்திரம் வெளிவந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே ஐரோப்பிய முதலீட்டு வங்கி இதே நோக்கத்தில் 60 கோடி யூரோ திரட்டியிருந்தது. ஆனால் பணம் எதற்குப் போகலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதை வெளியார் ஒருவர் சரிபார்த்து, செலவுக்குக் கணக்கும் காட்டும் முறை உலக வங்கிப் பத்திரத்தோடுதான் வந்தது.

அடிப்படையில் இது சாதாரணக் கடன்தான். அந்தப் பணத்தில் கட்டிய காற்றாலை நஷ்டப்பட்டாலும் கடன் வாங்கியவர் வட்டியும் முதலும் கட்டியாக வேண்டும். கூடுதலாக இருப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. அந்த வாக்குறுதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் கொள்கையும் தீர்மானிக்கின்றன.

ஸ்வீடனில் கார்பன் வரி 1991 முதலே இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்தினால் லாபம் என்பது அங்கே பழகிப்போன கணக்கு. பசுமைத் திட்டங்கள் முன்பே இருந்தன. பத்திரம் பின்னால் வந்தது. 2013இல் கோதன்பர்க் மாநகராட்சியும் வாசக்ரூனான் என்ற கட்டட நிறுவனமும் தாங்களே பசுமைப் பத்திரம் வெளியிட்டன.

சீனாவில் அரசுதான் கதவைத் திறந்தது. 2015 டிசம்பரில் அந்நாட்டு மத்திய வங்கி, எவையெல்லாம் பசுமை என்று ஒரு பட்டியல் போட்டது. மறு ஆண்டே சீனா உலகச் சந்தையின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் 'தூய நிலக்கரி'யும் இருந்தது. நகரங்கள் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய கொதிகலனை மாற்றினால் கரிப்புகை குறையும் என்பது அதிகாரிகளின் நியாயம். புகை குறையும், உண்மைதான். ஆனால் புதிய கொதிகலனும் இன்னும் பல பத்தாண்டுகள் நிலக்கரியை எரித்துக் கரியமில வாயுவைக் கக்கும். ஐரோப்பிய முதலீட்டாளர்கள் இதை ஏற்கவில்லை. 2021இல் வந்த புதிய பட்டியலில் நிலக்கரி நீக்கப்பட்டது.

பிரான்ஸ் இன்னொரு வழியில் போனது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பருவநிலை அபாயத்தைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2015இல் சட்டம் போட்டது. 2017 ஜனவரியில் அரசே 22 ஆண்டுப் பசுமைப் பத்திரம் கொண்டுவந்து 700 கோடி யூரோ கடன் வாங்கியது. வாங்கக் கேட்டவர்களின் தொகை 2,300 கோடியைத் தாண்டியது! முதலில் வெளியிட்ட அரசு என்ற பெயரை, ஒரு மாதம் முந்திக்கொண்டு, மின்சாரத்துக்குப் பெரும்பாலும் நிலக்கரியை நம்பியிருந்த போலந்து தட்டிச்சென்றது. முத்திரை பத்திரத்துக்குத்தான், நாட்டுக்கு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

என் மனதைத் தொட்டது ஃபிஜியின் பத்திரம். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அந்தத் தீவுகளில் 44 உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஃபிஜி 10 கோடி உள்ளூர் டாலருக்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. அதில் பெரும்பங்கு, இடிந்த பள்ளிகளைத் திரும்பக் கட்டுவது போன்ற தற்காப்பு வேலைகளுக்கு. உலகின் புகையில் ஃபிஜியின் பங்கு ஒன்றுமேயில்லை எனலாம். ஆனாலும் கடனும் வட்டியும் அதன் தலையில்தான்.

இந்திய அரசின் பத்திரம் 2023 ஜனவரி 25 அன்று 8,000 கோடி ரூபாயோடு ஏலத்துக்கு வந்தது. ஐந்தாண்டுப் பத்திரத்துக்கு வட்டி 7.10 சதவீதம், சாதாரண அரசுப் பத்திரத்தைவிடச் சற்றே குறைவு. அணுமின்சாரத்துக்கு இந்தப் பணம் போகக் கூடாது என்கிறது நம் அரசின் விதி. ஐரோப்பிய ஒன்றியமோ நிபந்தனைகளோடு அணுவைப் பசுமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தொடக்க உற்சாகம் இங்கே நீடிக்கவில்லை. 2024இல் ஓர் ஏலத்தில் வந்த கேட்புகள் எதையும் ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. குறைந்த வட்டிக்குப் பணம் கொடுக்க இங்குள்ள வருங்கால வைப்பு நிதிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ எந்தக் கட்டாயமும் இல்லை. பத்திரத்தைப் பசுமையாக்கிய அரசு, அதை வாங்குபவருக்கான காரணத்தையும் உருவாக்க வேண்டும். அதோடு, இந்தப் பணம் எந்த ரயில் பாதைக்கு, எந்தச் சூரிய மின் திட்டத்துக்குப் போனது என்று நிதி அமைச்சகம் தரும் கணக்கை நாம் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கடனைக் கட்டப்போவது நம் வரிப்பணம்.