நந்தனாருக்கு எசமான் வந்த வழி

எட்டாம் பக்கத்துப் படத்தில் ஒரு வேதியர் பிரம்போடு நிற்கிறார். எதிரே கூனிக் குறுகி நந்தன். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுத்துக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் எசமான். அடுத்த பக்கத்தில் சிவகணங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துவிடுகின்றன. தாம்பரத்துப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த சிறுவர் படக்கதை இது. ‘பெரியபுராணக் கதை’ என்கிறது அட்டை.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் தாம்பரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் தாண்டினால் அவர் பிறந்த குன்றத்தூர். 12ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தின் மேல் கொண்ட பற்றால் அதே பெயரில் அவர் எழுப்பிய கோயில் இன்றும் குன்றத்தூரில் இருக்கிறது. நந்தனாரைப் பற்றி அவர் பாடிய திருநாளைப்போவார் புராணம் நாற்பது பாடல்கள்கூட இல்லை. முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். எசமான் இல்லை. பிரம்பு இல்லை. நாற்பது வேலியும் இல்லை.

சேக்கிழாரின் நந்தனார், பறைத்தொண்டுக்காக ஊர் விட்ட நிலத்தில் விளைவதை உண்டு வாழ்கிறார். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். தில்லைக்குப் போக யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. ‘இந்தப் பிறப்போடு எப்படிப் போவது’ என்ற தயக்கம்தான் அவரை ஒவ்வொரு நாளும் ‘நாளைப் போவேன்’ என்று சொல்ல வைக்கிறது.

அப்படியானால் எசமான் எங்கிருந்து வந்தார்? தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உட்கார்ந்து காலவரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாடல்களை எளிய நடையில் படிக்கும்படி ஆறுமுக நாவலர் பெரியபுராண வசனத்தை 1852இல் அச்சிட்டார். அதிலும் எசமான் இல்லை. அடுத்த பத்தாண்டுக்குள் ஆள் அகப்பட்டுவிட்டார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சேறியது. வேதியரும் நாற்பது வேலியும் அதில்தான் பிறந்தார்கள். மாயவரத்துப் பக்கம் பண்ணையாள்களின் வாழ்வைக் கண்ணால் கண்டவர் பாரதி. ஆளை அனுப்ப மறுக்கும் மிராசுதாரை அவர் கற்பனையில் தேடவேண்டிய அவசியம் இருந்திருக்காது. சிறப்புப்பாயிரம் கேட்டு வந்த அவரை, இலக்கண வழுக்களைக் கண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பலமுறை அலையவிட்டதையும், பாரதி பாடக் கேட்டு உருகிய பிறகே எழுதிக் கொடுத்ததையும் உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். பிறகு எல்லாம் வேகம். கதாகாலட்சேபம், நாடகம், 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்த படம், 1942இல் ஜெமினிக்காகத் தண்டபாணி தேசிகர். எட்டாம் பக்கத்து வேதியர் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்.

பாரதியின் கீர்த்தனை பெரிய படைப்பு. எனக்கு அதன்மேல் குறையே கிடையாது. ஆனால் அதைச் சேக்கிழார் பெயரில் குழந்தையிடம் கொடுக்கும்போது ஒன்று கைநழுவிப் போகிறது. தடுத்தது ஒரு கெட்ட எசமான், அவர் மனம் திருந்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். சேக்கிழாரில் தடுப்பது பிறப்பைச் சொல்லி எழுப்பிய மதில். அதற்கு மனம் திருந்தாது.

நழுவியது இன்னொன்றும் உண்டு. நந்தனாரின் ஊரான ஆதனூர்ச் சேரியைச் சேக்கிழார் வருணிக்கும் பாடல்களை ஓவியர் யாராவது ஒருமுறை படித்திருக்க வேண்டும். முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுற்றுகின்றன. இரும்புக் காப்புப் போட்ட கருத்த சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டிகளின் மெல்லிய குரைப்பு, பையன்களின் அரையில் கட்டிய இரும்பு மணிச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. மருதமர நிழலில் தோல்மேல் குழந்தை தூங்குகிறது. மாமரக் கிளையில் பறை தொங்குகிறது. சோழ அரசின் அமைச்சர் ஒருவர் சேரிக் குழந்தைகளின் விளையாட்டை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். படப்புத்தகத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. கையிலிருக்கும் புத்தகத்தில் இதற்கு ஒரு கோடுகூட இல்லை.

கடைசிப் பக்கம் தீ. தில்லையின் தெற்கு வாயிலுக்கு வெளியே வளர்த்த நெருப்பில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக நந்தனார் எழுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். புத்தகத்தில் தீ இல்லை. பொன்னிற ஒளி வட்டம் மட்டும். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்திருக்கலாம். தீயில்லாத முடிவுக்கும் பழைய மூலம் ஒன்று உண்டு. சேக்கிழாருக்கு முந்திய நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில் நந்தனாருக்குத் தந்தது ஒரே பாட்டு. இறையருளால் புலைமை நீங்கி, தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானார் என்று அது சொல்கிறது. அதில் தீயே கிடையாது. அவருக்கும் முந்திய சுந்தரர் பெயரை மட்டும் சொல்லி வணங்கிவிட்டுப் போகிறார்.

தீ வேண்டாம் என்கிறவர் நம்பியாண்டார் நம்பியைச் சொல்லி எழுதலாம். எசமான் வேண்டுமென்றால் பாரதி பெயரை அட்டையில் போட வேண்டும். சேக்கிழார் பெயரைப் போட்டு விற்கிறவர், அந்த நாய்க்குட்டிகளையும் அந்த நெருப்பையும் பிள்ளைகளுக்குக் காட்டியாக வேண்டும்.