சென்னைச் சாந்து

பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் புதுவீடு கட்டுவோர் புறச்சுவர்ப் பூச்சுக்கு இன்று பெரும்பாலும் சிமிட்டியையே நாடுகின்றனர். புதுச்சுவருக்கு அது பொருந்தும்; நான் குறைகூறவில்லை. ஆனால், பாட்டன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்மீதும் அதையே பூசுகிறார்களே, தகுமா? மாணவ நண்பர்களே, அப்பழஞ்சாந்தின் வரலாற்றை அறிந்தால் விடை கிடைக்கும்.

18ஆம் நூற்றாண்டில் சென்னைச் சாந்து கடல்கடந்தும் புகழ்பெற்றிருந்தது. செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநர் ஐசக் பைக் எழுதிய அதன் செய்முறையை, இலண்டன் ராயல் சொசைட்டி 1732இல் தன் இதழில் வெளியிட்டது. 1780இல் இங்கு வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், சலவைக்கல் போன்ற சுவர்களைக் கண்டு வியந்தார்.

அவ்வெண்மையைத் தந்தது கடற்கிளிஞ்சல். அதைச் சூளையிற் சுட்டு, நீர்விட்டு நீற்றினர். சாந்தில் வெல்லநீரும் கடுக்காய்நீரும் சேர்த்தனர். மேற்பூச்சுக்கோ முட்டை வெண்கரு, நெய், தயிர்! சமையற்குறிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பைக் எழுதியதே அது. ஈரம் உலரும்வரை கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினர்.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகிறது. ஆயினும் அதன் நுண்துளைகள் மூடுவதில்லை. நனைந்த சுவர் அவற்றின் வழியே உலர்ந்துவிடும். சிமிட்டிப் பூச்சு அவ்வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொடியும், பூச்சும் பாளம் பாளமாகக் கழலும். எங்கள் தெருவிலேயே இதைக் கண்டேன். வீட்டுக்காரர் கொத்தனாரை வைதார். பாவம், கேட்டதைத்தானே அவர் பூசினார்!

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுதல் வேண்டும். நாளாகும், கூலியும் கூடும். ஒரு பூச்சு இறுகிய பின்னரே அடுத்ததை இட வேண்டுமாதலால், ஐப்பசி மழைக்கு நெடுநாள் முன்னரே வேலையைத் தொடங்கிவிடுவது நன்று.