தீக்குளித்த நாயகரும் ஏடெடுத்த நாயகரும்

கதாநாயகன் என்னும் சொல் நம் இளைஞர் நாவில் நாள்தோறும் புழங்குகின்றது. தன் பிள்ளைகள் எவரைப் போல் வளர வேண்டுமென ஒரு சமுதாயம் விரும்புகின்றதோ, அவரையே அது பாட்டிலும் கூத்திலும் நாயகராக்கும். ஆனால் நம் மக்களைப் பற்றி ஏட்டிலும் திரையிலும் வந்த கதைகளை நெடுங்காலம் பிறரே எழுதினர். அவர்கள் காட்டிய நாயகர் எத்தகையோர் என்பதை இவ்வெள்ளி விழா வேளையில் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

முதற்கண் நிற்பவர் நந்தனார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அவர் ஆதனூரினர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்தவர். கருவிகள் உள்ளே முழங்கின. அவற்றிற்குத் தோலும் நரம்பும் தந்தவர் வெளியே நின்றார். தில்லையில் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராய் எழுந்த பின்னரே அவருக்குக் கதவு திறந்தது. 19ஆம் நூற்றாண்டில் இதனைக் கீர்த்தனைகளாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார், புராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலவுடைமையாளரைப் படைத்தார். அதனால் பண்ணையாளின் அடிமைத் துயரம் பாட்டில் ஏறியது. எனினும் முடிவு மாறவில்லை, அதே தீதான்.

1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகரும் அவ்வேடம் பூண்டனர். முதற்படத்திற்குச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பர். திரையில் நந்தனாரைக் கண்டு கண்ணீர் உகுத்த அந்நாளில், நம் முன்னோர்க்கு மதுரை மீனாட்சி கோயிலின் வாயில் திறக்கவில்லை. அது திறந்தது 1939 சூலை 8ஆம் நாள்தான்.

அடுத்தவர் மதுரை வீரன். ஊர்தோறும் காவல் தெய்வமாய் நிற்பவர். அருந்ததிய மக்கள் தம் குலத்தவர் எனப் போற்றுபவர். 1956இல் எம். ஜி. ஆர். நடித்த படம் அவர் புகழைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது. ஆயின் அக்கதையில் அவர் அரச குலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். வீரம் அரச குருதியிலிருந்தே வர வேண்டுமா? நம் குடிசையில் பிறந்தவனுக்கு அது வாராதா? நந்தனுக்குத் தீ; வீரனுக்கு அரச பிறப்பு. இரண்டும் நம்மை நாமாகவே ஏற்க மறுத்தவர் விதித்த நிபந்தனைகளே அல்லவா?

இந்நிலையில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபத்தை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. நந்தனார் கதை சொல்லும் அதே முறையில், நகைச்சுவையோடு அவர் வேறொரு கதை சொன்னார். நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான், கிந்தன் கல்வி கற்க நகரத்திற்கு இரயிலேறினான், அதிகாரியாய்த் திரும்பினான். அவன் தீயில் இறங்கவில்லை, ஏட்டைத் திறந்தான்.

2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' இக்கதையைத் தொடர்கின்றது எனலாம். அதன் நாயகன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரி மாணவன். வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் நகைப்புக்கு ஆளாகின்றான், அடிபடுகின்றான், இழிவுபடுத்தப்படுகின்றான். கல்லூரியில் சேர்ந்ததாலேயே சாதி அவனை விட்டுவிடவில்லை. ஆயினும் அவன் படிப்பை விடவில்லை. இம்முறை கதை சொன்னவரும் அவ்வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர்.

இளைஞர்களே! திரை நாயகரைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால் கூலிப் பணத்தில் நுழைவுச் சீட்டு வாங்கும் கையால் ஒரு நூலும் வாங்குங்கள். கிந்தன் ஏறிய இரயிலில் நம் பிள்ளைகளை ஏற்றிவிடவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாய் உழைத்து வருகின்றது. இனி நம் நாயகரைப் பிறர் எழுதித் தரக் காத்திராமல், நாமே எழுதுவோம்.