அரசுத் திறந்த தரவுப் பட்டியல்கள்: தேடல் முறைகளின் வரலாறு

அரசுத் திறந்த தரவுப் பட்டியல் என்பது, அரசுத் துறைகள் பொதுப் பயன்பாட்டுக்காக வெளியிடும் தரவுத்தொகுதிகளின் விவரங்களை ஓரிடத்தில் திரட்டித் தரும் இணையத்தளம் ஆகும். ஒரு தரவுத்தொகுதியைத் தொகுத்த துறை எது, அது எந்த ஆண்டுக்கும் எந்தப் பகுதிக்கும் உரியது, எந்தக் கோப்பு வடிவில் எங்கே கிடைக்கும் ஆகியவற்றைப் பட்டியல் சொல்லும். மக்கள்தொகை, மழையளவு, பயிர் விளைச்சல், பள்ளிகளின் எண்ணிக்கை, வரவு செலவுத் திட்டம் எனப் பல்வகைத் தரவுகள் இவ்வாறு வெளியிடப்படுகின்றன.

2009 முதல் பல நாடுகள் இத்தகைய பட்டியல்களை அமைத்துள்ளன. தொடக்கத்தில் சொற்களைத் தட்டச்சு செய்து தேடும் முறை மட்டுமே இருந்தது. 2022-க்குப் பின்னர், செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் இயல்பான மொழியில் கேள்வி கேட்டுத் தரவைத் தேடும் முறை பரவி வருகிறது. தேடும் கருவி மாறினாலும், கிடைக்கும் விடையின் தரம் பட்டியலில் எழுதப்பட்டுள்ள விளக்கக் குறிப்பைச் சார்ந்தே இருந்து வருவதை இவ்வரலாறு காட்டுகிறது.

பின்னணி

அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை மக்களுக்கு முதன்முதலில் சட்டமாக வழங்கிய நாடு சுவீடன். 1766-இல் இயற்றப்பட்ட அந்நாட்டின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தில் இவ்வுரிமை இடம்பெற்றது. அமெரிக்காவில் தகவல் சுதந்திரச் சட்டம் 1966-இல் கையெழுத்தானது. இந்திய மாநிலங்களுள் தகவல் பெறும் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. 1997-இல் வந்த அச்சட்டத்தில் விதிவிலக்குகள் மிகுதியாக இருந்தமையால் அது போதிய பயன் தரவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டங்களின் கீழ், தகவல் வேண்டுபவர் விண்ணப்பிக்க வேண்டும்; அரசு விடையளிக்க வேண்டும். ஒருவர் கேட்டுப் பெற்ற தகவலையே மற்றொருவரும் மீண்டும் விண்ணப்பித்துப் பெறும் நிலை இருந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதற்கு மாற்றாக ஒரு கடமையை விதித்தது. பொது அதிகார அமைப்புகள் தம்மிடம் உள்ள தகவல்களை, யாரும் கேட்காமலே தாமாக வெளியிட வேண்டும் என்பதே அக்கடமை. திறந்த தரவு என்ற கருத்து இதன் அடுத்த படிநிலை ஆகும்.

2007 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள செபாஸ்டபோல் நகரில் ஏறத்தாழ 30 பேர் கூடி, திறந்த அரசுத் தரவுக்கான எட்டுக் கொள்கைகளை வகுத்தனர். டிம் ஓ'ரெய்லி, கார்ல் மலமுட் ஆகியோர் இக்கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தனர். தரவு முழுமையாகவும், திரட்டப்பட்ட மூல வடிவிலும், காலத்தோடும் வெளியாக வேண்டும்; கணினி படிக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும்; யாரும் பதிவு செய்யாமலே பெறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. அட்டவணையை ஒளிப்படமாக எடுத்து பிடிஎஃப் கோப்பாக வெளியிடுவது திறந்த தரவு ஆகாது என்ற தெளிவு இக்கொள்கைகளால் ஏற்பட்டது.

முதல் பட்டியல்கள்

அமெரிக்க அரசின் டேட்டா.கவ் தளம் 2009 மே 21 அன்று தொடங்கப்பட்டது. அந்நாட்டு நடுவண் அரசின் முதல் தலைமைத் தகவல் அலுவலரான விவேக் குந்த்ரா இதற்குப் பொறுப்பு வகித்தார். தொடக்க நாளில் அதில் இருந்தவை 47 தரவுத்தொகுதிகள் மட்டுமே. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் அளவுக்குச் சிறிய அப்பட்டியலில் தேடல் ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை.

ஐக்கிய இராச்சியத்தின் பட்டியல் 2010 ஜனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் கணினி அறிவியலாளர் நைஜல் ஷாட்போல்ட்டும் அதன் ஆலோசகர்களாக இருந்தனர்.

இந்தியாவில் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012 மார்ச் மாதத்தில் அரசிதழில் வெளியானது. அதே ஆண்டில் டேட்டா.கவ்.இன் தளத்தைத் தேசியத் தகவலியல் மையம் தொடங்கியது. இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய திறந்த மூலநிரல் மென்பொருள் இதற்கு அடிப்படையாக அமைந்தது. வெளியிடக் கூடாத தரவுகளை ஒவ்வொரு துறையும் தனியே பட்டியலிட வேண்டும் என்றும், எஞ்சியவற்றைப் படிப்படியாக வெளியிட வேண்டும் என்றும் இக்கொள்கை கூறியது. இத்தரவுகளை மறுபயன்பாடு செய்வதற்கான திறந்த தரவு உரிமம் 2017-இல் அறிவிக்கப்பட்டது.

பட்டியலின் அமைப்பு

தரவுத்தொகுதி ஒன்றைப் பற்றி எழுதப்படும் விளக்கக் குறிப்பு மீத்தரவு எனப்படும். தலைப்பு, சுருக்கம், வெளியிட்ட துறை, காலம், இடம், கோப்பு வடிவம், உரிமம், கடைசியாகப் புதுப்பித்த நாள் ஆகியவை அதன் கூறுகள். நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருக்க, அதன் விவரம் அட்டையில் இருப்பது போன்றதே இவ்வமைப்பு. பெரும்பாலான பட்டியல்களில் மீத்தரவு மட்டுமே இருக்கும். தரவுக் கோப்பு அந்தந்தத் துறையின் கணினியில் இருக்க, பட்டியல் அதற்கு இணைப்புத் தரும்.

பல நாடுகளின் பட்டியல்கள் சிகேன் என்னும் திறந்த மூலநிரல் மென்பொருளில் இயங்குகின்றன. ரூஃபஸ் போலாக் நிறுவிய ஓப்பன் நாலெட்ஜ் அறக்கட்டளை இதை உருவாக்கியது. ஐக்கிய இராச்சியம் தொடக்கம் முதலும், அமெரிக்கா 2013 முதலும் இதைப் பயன்படுத்தின. ஒரு பட்டியல் மற்றொரு பட்டியலின் குறிப்புகளைப் படித்துச் சேர்த்துக்கொள்வதற்குப் பொதுவான சொற்தொகுதி தேவைப்பட்டது. டி-கேட் எனப்படும் அச்சொற்தொகுதியை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2014 ஜனவரியில் பரிந்துரையாக ஏற்றது.

இத்தளங்களில் தேடுபவர், முடிவுகளைத் துறை, வடிவம், பொருள் எனப் பல முகங்களில் வடிகட்டலாம். ஒரு பொருளைப் பல முகங்களாகப் பகுத்துப் பட்டியலிடும் முறையை நூலகவியலில் வளர்த்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் (1892–1972). சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளியானது. இன்றைய தரவுத் தளங்களின் வடிகட்டும் வசதி இக்கருத்தின் தொடர்ச்சி ஆகும்.

சொல் தேடலின் குறைகள்

பட்டியல்கள் பெருகியபோது தேடல் கடினமாயிற்று. சொல் தேடல், தட்டச்சு செய்த சொல் மீத்தரவில் உள்ளதா என்று மட்டுமே பார்க்கும். துறை பயன்படுத்திய சொல் தேடுபவருக்குத் தெரிந்திருந்தால்தான் தரவு கிடைக்கும். மாணவர் நெல் விளைச்சலைத் தேடுவார். அரசின் பயிர் மதிப்பீட்டு அட்டவணையில் அது அரிசி என்றே இருக்கும். தமிழில் தேடினால், ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட குறிப்பு அகப்படாது.

ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மற்றொரு தடை. தூத்துக்குடி, திருச்சிராப்பள்ளி, கன்னியாகுமரி ஆகியவை வெவ்வேறு துறைகளின் அட்டவணைகளில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் உள்ளன. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பெயரை மட்டும் நம்பித் தரவுகளை இணைப்பதிலுள்ள இடரைத் தவிர்க்க, நடுவண் ஊராட்சித் துறை அமைச்சகத்தின் உள்ளாட்சி அமைப்புகள் கோப்பகம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஊராட்சிக்கும் தனி எண் வழங்குகிறது.

கூகுள் நிறுவனம் 2018 செப்டம்பரில் தரவுத்தொகுதிகளுக்கென ஒரு தேடுபொறியை வெளியிட்டது. சோதனை நிலையை அது கடந்த 2020 ஜனவரியில் ஏறத்தாழ 2.5 கோடித் தரவுத்தொகுதிகளின் குறிப்புகள் அதில் இருந்தன. பல தளங்களை ஒரே இடத்திலிருந்து தேட அது உதவியது. எனினும், கோப்பைத் திறந்து தேவையான எண்ணைக் கண்டெடுக்கும் வேலை தேடுபவருடையதாகவே இருந்தது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியான பின்னர், உரையாடல் வழியே தகவல் தேடும் பழக்கம் விரைவாகப் பரவியது. மொழி மாதிரி, தான் பயின்ற உரைகளின் அடிப்படையில் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து விடை எழுதுகிறது. புள்ளிவிவரம் கேட்டால், பொருத்தமாகத் தோன்றும் தவறான எண்ணையும் அது எழுதக்கூடும். இதைக் குறைக்க, முதலில் ஆவணத்தைத் தேடி எடுத்து, அதைப் படித்து விடையளிக்கும் முறை கையாளப்படுகிறது. இம்முறையை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2020-இல் வெளியானது.

உதவியாளர் தரவுப் பட்டியலைத் தேடும் முறை பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது. முதலில், கேள்வியைப் பட்டியலுக்குப் புரியும் தேடுசொற்களாக மாற்றுகிறது. அடுத்து, பட்டியலின் ஏபிஐ வழியாகத் தேடி, கிடைத்த குறிப்புகளைப் படித்துப் பொருத்தமானதைத் தேர்கிறது. பின்னர், கோப்பைத் திறந்து நிரைகளையும் அலகுகளையும் பார்த்துக் கணக்கிடுகிறது. இறுதியாக, மூலத்தின் இணைப்புடன் விடையளிக்கிறது.

உதவியாளர்களை வெளித் தரவு மூலங்களுடன் இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற திறந்த நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. பல நாடுகளின் பொதுப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் கூகுளின் டேட்டா காமன்ஸ் திட்டம், 2025 செப்டம்பரில் இந்நெறிமுறை வழியாகவும் தன் தரவுகளை அணுக வழிசெய்தது.

இம்முறையின் பெரும் பயன் மொழித் தடை குறைவது. தமிழில் கேட்ட கேள்வியை ஆங்கிலத் தேடுசொல்லாக மாற்றவும், நெல்லைத் தேடும்போது அரிசியையும் சேர்த்துத் தேடவும், ஊர்ப்பெயரின் பல எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்க்கவும் உதவியாளரால் இயலும்.

பிழை நேரும் இடங்கள்

மீத்தரவில் எழுதப்படாத செய்தியை உதவியாளர் அறிய வழியில்லை. அவ்விடங்களில் அது ஊகித்து நிரப்பும் இடர் உண்டு. தமிழ்நாட்டுத் தரவுகளிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளைக் காணலாம்.

முதலாவது, மாவட்ட எல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. இன்று 38 உள்ளன. தென்காசி மாவட்டம் 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே 2011 மாவட்ட அட்டவணையில் தென்காசி இல்லை. வட்டங்களின் எண்களைக் கூட்டித்தான் அதன் மக்கள்தொகையைக் கணக்கிட வேண்டும். திருநெல்வேலியின் 2011 எண்ணை இன்றைய எண்ணுடன் ஒப்பிட்டால், மாவட்டம் திடீரெனச் சுருங்கியது போன்ற பொய்த்தோற்றம் கிடைக்கும்.

இரண்டாவது, அலகு. அரவைக்குக் கொடுக்கும் 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி அல்லது 68 கிலோ புழுங்கல் அரிசி திரும்பத் தரப்பட வேண்டும் என்பது அரசுக் கொள்முதலில் பின்பற்றப்படும் விகிதம். அரிசிக் கணக்கை நெல் கணக்காக எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் காணாமற்போகும்.

மூன்றாவது, ஆண்டு. 2018-19 என்பது வேளாண் ஆண்டானால் ஜூலை முதல் ஜூன் வரை. நிதியாண்டானால் ஏப்ரல் முதல் மார்ச் வரை. எந்த ஆண்டு என்று குறிப்பில் இல்லாவிடில் மழையளவையும் விளைச்சலையும் பொருத்துவதில் தவறு நேரும்.

இப்பிழைகள் உதவியாளர்களால் புதிதாக வந்தவை அல்ல. முன்பு தரவைத் தானே திறந்து பார்த்த ஆய்வாளர், நிரையின் தலைப்பையும் அடிக்குறிப்பையும் கண்டு ஐயுற வாய்ப்பிருந்தது. ஒற்றை வரியில் விடை கிடைக்கும்போது அவ்வாய்ப்பு குறைகிறது.

மறையும் தரவுகள்

பட்டியலில் குறிப்பு இருந்தும் தரவு இல்லாமற்போவது மற்றொரு சிக்கல். துறை தன் தளத்தை மாற்றினாலோ கோப்பை நீக்கினாலோ இணைப்பு செயலிழக்கும். 2025 பிப்ரவரியில் ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகத்தின் ஆய்வகம் ஒன்று, அமெரிக்கப் பட்டியலில் இணைக்கப்பட்டிருந்த 3,11,000-க்கும் மேற்பட்ட தரவுத்தொகுதிகளைப் படியெடுத்து வெளியிட்டது. அதன் அளவு 16 டெராபைட். 47 தொகுதிகளுடன் தொடங்கிய பட்டியலுக்கு 16 ஆண்டுகளில் வெளியிலிருந்து ஒரு காப்பகம் தேவைப்பட்டது. மூலக்கோப்பு மறைந்தபின், உதவியாளர் தரும் எண் சரியா என்று பார்க்க யாராலும் இயலாது.

பயன்படுத்துவோர் கவனத்துக்கு

உதவியாளர் வழியே அரசுத் தரவைத் தேடும் மாணவர்கள், விடையுடன் தரவுத்தொகுதியின் பெயர், வெளியிட்ட துறை, ஆண்டு, இணைப்பு ஆகியவற்றையும் கேட்டுப் பெறுவது நல்லது. இணைப்பைத் திறந்து அலகு, கால வரம்பு, நில எல்லை ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். ஆய்வேட்டில் மூலமாகக் காட்டத்தக்கது அந்தத் தரவுத்தொகுதியே. கோப்பின் படியையும் பதிவிறக்கிய நாளையும் குறித்து வைத்தால், பின்னர் இணைப்பு மறைந்தாலும் கணக்கை மீண்டும் செய்து பார்க்கலாம். குறிப்பில் குறை கண்டால் வெளியிட்ட துறைக்குத் தெரிவிக்கலாம். ஒருவர் சுட்டி அத்துறை திருத்திய குறிப்பு, அடுத்துத் தேடும் அனைவருக்கும் பயன்படும்.