கடைசி இடத்தில் இரண்டு தமிழ் அணிகள்

2019 இல் புரோ கபடி லீக்கின் 12 அணிகளுள் தமிழ் தலைவாஸ் 12 ஆவதாக வந்தது. 2025 இல் ஐ.பி.எல். தொடரின் 10 அணிகளுள் சென்னை சூப்பர் கிங்ஸ் 10 ஆவதாக வந்தது. இரண்டும் தமிழ்நாட்டின் பெயரால் ஆடிய அணிகள். கையில் காசும் களத்தில் பெரிய பெயர்களும் இரண்டுக்கும் இருந்தன. ஆனாலும் இரண்டும் தோற்ற விதம் வேறு, தோல்விக்குப் பிறகு நடந்துகொண்ட விதம் அதைவிட வேறு. ஒன்றை அறிய மற்றதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல வழி என்று நினைக்கிறேன்.

இங்கே உருத்திரபுரத்தில் இரண்டுக்கும் ஆட்கள் உண்டு. காலபோக அறுவடை முடிந்து, இரணைமடுத் தண்ணீரை எதிர்பார்த்துச் சிறுபோக வேலைகள் தொடங்கும் நாட்களில்தான் ஐ.பி.எல். வருகிறது. இரவு ஏழரைக்கு ஆட்டம் என்றால் எட்டாம் வாய்க்கால் பக்கத்துப் பெடியள் மாலையிலேயே மஞ்சள் சட்டையோடு நிற்பார்கள், முதுகில் டோனியின் 7 என்ற இலக்கம். கபடிக்கு அப்படிச் சட்டை கிடையாது. ஆனால் கபடி ஆடத் தெரியாத குடும்பம் வன்னியில் குறைவு. அதனால் தலைவாஸ் ஆடும்போது எங்கள் ஆட்கள் கைதட்டுவதைக் காட்டிலும் குறை சொல்வதே கூட, “காலைப் பிடிச்சவன் ஏன் விட்டவன்?” என்று.

முதலில் புள்ளிப் பட்டியல். தலைவாஸ் அந்தப் பருவத்தில் ஆடியது 22 ஆட்டங்கள். வெற்றி 4, தோல்வி 15, சமநிலை 3, புள்ளிகள் 37. புரோ கபடியில் வென்றால் 5 புள்ளி, சமநிலைக்கு 3, ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் ஆறுதலாக 1. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெற்றிகளுக்கு 20, சமநிலைகளுக்கு 9, மொத்தம் 29. மிச்சம் 8 புள்ளி எங்கிருந்து வந்தது? மயிரிழையில் தவறிய எட்டுத் தோல்விகளிலிருந்து. பதினைந்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்சை 39-26 என்று வென்ற அணி, அடுத்ததில் டெல்லியிடம் 29-30, அதற்கடுத்ததில் பாட்னாவிடம் 23-24 என ஒவ்வொரு புள்ளியில் தோற்றது. பருவம் முழுவதும் எப்படிப் போகப் போகிறது என்பதை அந்த இரண்டு ஆட்டங்களே சொல்லிவிட்டன.

சென்னையின் கதை நேரெதிர். 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 10 தோல்வி, 8 புள்ளி. ராஜஸ்தானும் அதே 4 வெற்றி, அதே 8 புள்ளிதான். நிகர ஓட்ட விகிதம் சென்னையைக் கீழே தள்ளியது. தலைவாசுக்குச் சின்னத் தோல்விகள் ஆறுதல் தந்தன, சென்னைக்குப் பெரிய தோல்விகள் தண்டனையாகின. மார்ச் 28 சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் 50 ஓட்டத் தோல்வி. 2008 இற்குப் பிறகு அதுவரை பெங்களூர் அங்கே சென்னையை வென்றதேயில்லை. ஏப்ரல் 5 இல் டெல்லி வென்றது, அங்கே சென்னைக்கு எதிராக 2010 இற்குப் பிறகு முதல் முறையாக. ஏப்ரல் 25 இல் ஹைதராபாத், அந்த மைதானத்தில் சென்னைக்கு எதிரான தன் முதல் வெற்றியாக. இவற்றுக்கு நடுவில் ஏப்ரல் 11. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா 59 பந்து மீதமிருக்க ஆட்டத்தை முடித்தது.

அந்தப் பருவத்தின் நோயைப் பார்க்க விரும்புகிறவர்கள் 103 ஐ விட்டுவிட்டு டெல்லி ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். இலக்கு 184. முடிவில் 5 விக்கெட்டுக்கு 158. ஐந்து விக்கெட் கையில் இருக்க 25 ஓட்டத்தால் தோல்வி. விஜய் சங்கர் 54 பந்தில் ஆட்டமிழக்காமல் 69, டோனி 26 பந்தில் ஆட்டமிழக்காமல் 30. ஆட்டமிழந்து தோற்பது ஒரு வகை. விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டே தோற்பது அணி மனதால் முன்பே கைவிட்டுவிட்டதன் அடையாளம். பெங்களூருக்கு எதிராக டோனி ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தபோது, அந்த அடியால் பயன் கிடைக்கக்கூடிய கட்டம் எப்போதோ தாண்டியிருந்தது. முழங்கைக் காயத்தால் ருத்துராஜ் கெய்க்வாட் விலக, தலைமை மறுபடி டோனியிடமே வந்தது. 2022 இலும் ஜடேஜா இடையில் தலைமையை விட்டு அவரிடமே கொடுத்தார். அந்த ஆண்டும் இதே 4 வெற்றி, 10 தோல்விதான். அதே கணக்கோடு நின்ற மும்பையின் நிகர ஓட்ட விகிதம் இன்னும் மோசமாக இருந்ததால் சென்னை ஒன்பதாம் இடத்தோடு தப்பியது.

இரண்டு அணிகளும் எங்கே தோற்றன என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: ஏல மேசையில். தலைவாசிடம் 2016 உலகக் கிண்ண இறுதியின் நாயகன் அஜய் தாக்கூர், சகலதுறை ஆட்டக்காரர் மஞ்சித் சில்லர், 94 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ராகுல் சௌத்ரி. சென்னை 9.75 கோடிக்கு 38 வயது அஸ்வினைத் திரும்பக் கொண்டுவந்தது. ஊருக்குப் பிடித்த முகங்கள் இருந்தால் ஊர் வரும், ஊர் வந்தால் வெற்றி வரும் என்ற நம்பிக்கை.

ஆனால் வயதின் மேல் முழுப் பழியையும் போடுவது அநியாயம். தலைவாசை விட்டுப் போன மஞ்சித் சில்லர் அடுத்த பருவத்தில் டெல்லித் தடுப்பில் நின்றார், 2022 பெப்ரவரியில் டெல்லி பாட்னாவை 37-36 என்று வென்று கிண்ணம் தூக்கியது. அங்கே மூத்தவர்களுக்கு முன்னால் நவீன் குமார் என்ற இளம் ரெய்டர் இருந்தார். ஓடிப் புள்ளி கொண்டுவர ஓர் இளையவரும் பின்னால் நின்று பிடிக்க மூத்தவர்களும் என்ற அமைப்பு. தலைவாசில் முன்னணியில் நின்றவர்கள் பெயர் பெற்றவர்கள். கபடியில் இரண்டு வெறும் ரெய்டுக்குப் பிறகு மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையேல் போனவர் வெளியே. ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிற்கும் கடைசி நிமிடங்களில் அந்த மூன்றாவது ரெய்டுக்கு யார் போவது என்ற கேள்விக்கு நல்ல அணியிடம் உடனே பதில் இருக்கும். தலைவாசின் எட்டுத் தோல்விகளும் அந்தப் பதில் அவர்களிடம் இல்லை என்பதையே காட்டுகின்றன.

இன்னொரு ஒற்றுமை தமிழருக்கு வலிப்பது. சென்னை கடைசியாக வந்த அதே 2025 இல், தொடரின் அதிக ஓட்டங்கள் எடுத்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன், 759 ஓட்டங்கள், குஜராத்துக்காக. ஏப்ரல் 11 இல் சேப்பாக்கத்தில் சென்னையைச் சுருட்டிய கொல்கத்தாப் பந்துவீச்சில் வருண் சக்கரவர்த்தியும் இருந்தார். தலைவாசைப் பற்றியும் இதே குறை உண்டு: கபடி விளையும் மண்ணின் பெயரை வைத்துக்கொண்டு அந்த மண்ணின் ஆட்டக்காரர்களைப் போதிய அளவு நம்பவில்லை என்று. நானும் அந்தக் குறையோடு உடன்படுகிறேன்.

பெயர் பெற்ற முகங்களை நம்பித் தோற்பதற்கு அமெரிக்கப் பேஸ்போலில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1962 இல் புதிதாகத் தொடங்கிய நியூயோர்க் மெட்ஸ், ரசிகர்களைக் கவர கில் ஹாட்ஜஸ் போன்ற ஊரறிந்த மூத்தவர்களைச் சேர்த்து 120 ஆட்டங்களில் தோற்றது. 2024 இல் சிக்காகோ வைட் சொக்ஸ் 121 தோல்வியோடு அதைத் தாண்டும்வரை நவீன காலத்தில் அதுவே மோசமான கணக்கு. அதே ஹாட்ஜஸ் 1969 இல் மெட்சின் பயிற்றுநராக நின்று, இளம் பந்துவீச்சாளர்களைக் கொண்டு உலகத் தொடரை வென்றார்.

இனித்தான் இரண்டு தமிழ் அணிகளும் பிரியும் இடம். தலைவாஸ் 2019 இல் பயிற்சியாளர் பாஸ்கரன் விலகி உதயகுமார் வந்த பிறகும் பெரும்பாலும் பழைய முகங்களோடே பருவத்தை முடித்தது. சென்னையோ, வாய்ப்பு நழுவத் தொடங்கியதும் 17 வயது ஆயுஷ் மாத்ரேயை இறக்கியது. மே 3 இல் பெங்களூரில் 214 ஐத் துரத்தி அவர் 48 பந்தில் 94 அடித்தார், சென்னை 2 ஓட்டத்தால் தோற்றது. டிவால்ட் பிரெவிஸ் வந்தார், உர்வில் பட்டேல் வந்தார். கடைசி ஆட்டத்தில் அகமதாபாத்தில் 230 அடித்து குஜராத்தை 83 ஓட்டத்தால் வென்றார்கள். கடைசி இடத்தை அந்த வெற்றி மாற்றவில்லை. ஆனால் ஏப்ரலில் சேப்பாக்கத்தில் ஆடிய அணியும் மேயில் ஆடிய அணியும் ஒன்றல்ல. 2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளையவர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தது.

தலைவாசுக்கும் நல்ல காலம் ஒன்று வந்தது. 2022 இல் 2.26 கோடிக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். வேறு வழியின்றி அறிமுக ஆட்டக்காரர் நரேந்தர் கண்டோலாவிடம் ரெய்டு போனது. அவர் 243 புள்ளி எடுத்தார், அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது. தானாகக் கிடைத்த அந்த வழியை அணி விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஆனால் 2024 இல் சச்சின் என்ற ரெய்டருக்கு 2.15 கோடி கொடுத்து ஒன்பதாம் இடம் வந்தது.

என் தீர்ப்பு இது. 2019 தலைவாஸ் களத்தில் சென்னையைவிட மானமாகத் தோற்ற அணி. ஆனால் தோற்ற பருவத்தைப் பயன்படுத்தியது சென்னைதான்.

எங்கள் ஊர்க் கழகங்களுக்கு ஏல மேசை இல்லை. ஊரில் உள்ள பெடியள்தான் அணி. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் போக, மிஞ்சியவர்களை வைத்தே ஆடுகிறோம். ஆகவே கழகச் செயலாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சுற்றுப்போட்டியில் அரையிறுதி வாய்ப்பு கைவிட்டுப் போன பிறகு ஓர் ஆட்டம் மிஞ்சியிருந்தால், வாங்கில் இருக்கும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களை இறக்கி விடுங்கள்.